தானே நடுங்கும் தகடு

விட்டம் 12 மில்லிமீட்டர், உயரம் ஒன்பதரை. கறுப்புப் பிளாஸ்டிக் உடம்பு, உச்சியில் ஒரு துளை, அடியில் இரண்டு கால்கள். ஒரு கால் மற்றதைவிடக் கொஞ்சம் நீளம். அந்தப் பக்கத்துத் தலையில் கூட்டல் குறி இருக்கும். 5 வோல்ட் கொடுத்தால் ஏறக்குறைய 2300 ஹெர்ட்ஸில் 'பீப்' என்று கத்தும். எடுத்துவிட்டால் நிற்கும். அதற்குத் தெரிந்தது இவ்வளவுதான். சென்னை ரிச்சி தெருக் கடைகளில் பத்துப் பதினைந்து ரூபாய்க்குக் கிடைக்கிற இந்த ஆக்டிவ் பஸ்ஸர், வீட்டில் உட்கார்ந்து சர்க்கியூட் கட்டிப் பார்க்கிற எவருடைய டப்பாவிலும் இரண்டு மூன்றாவது கிடக்கும். சென்சாரையும் டிஸ்ப்ளேயையும் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் பஸ்ஸரைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. சாமான் பட்டியலில் கடைசியாக எழுதப்படுவதும், பல சமயம் எழுத மறந்துபோவதும் அதுதான்.

அதன் பூர்வீகம் பெரியது. 1831இல் ஜோசப் ஹென்றி அமெரிக்காவின் ஆல்பனி நகரத்துப் பள்ளி ஒன்றில் கணக்கும் இயற்பியலும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஒரு மைலுக்கும் மேல் கம்பியை ஓட்டி, அதன் மறுமுனையில் மின்காந்தம் ஒன்றை வைத்தார். மின்காந்தத்தின் நடுவே ஊசியில் சுழலும்படி ஒரு நிலைக்காந்தத் தண்டு. இந்த முனையில் பேட்டரியை இணைத்ததும் அந்த முனையில் தண்டு திரும்பிப் போய் மணியைத் தட்டியது. தந்திக்கே இது முன்னோடி என்பார்கள். ஆனால் நம் கதைக்கு இதில் ஒரு குறை இருக்கிறது. ஓர் இணைப்புக்கு ஒரு தட்டுதான். மணி விடாமல் அடிக்க வேண்டுமென்றால் பேட்டரிப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து கம்பியைச் சேர்ப்பதும் பிரிப்பதுமாகவே இருக்க வேண்டும்.

அந்த ஆளை வேலையை விட்டு நிறுத்தியது 1830களின் பிற்பகுதியில் பிராங்க்ஃபர்ட்டில் பிறந்த ஒரு யோசனை. அதை வாக்னரின் சுத்தியல் என்பார்கள். யோஹான் வாக்னர், நேஃப் என்ற இருவர் பெயரோடும் சேர்த்துச் சொல்லப்படுவது. மின்காந்தத்துக்கு எதிரே வில்போல வளையும் ஓர் இரும்புப் பட்டை இருக்கும். மின்காந்தத்துக்குப் போகும் மின்சாரம் அந்தப் பட்டை வழியாகத்தான் போயாக வேண்டும். மின்சாரம் வந்ததும் காந்தம் பட்டையை இழுக்கும். பட்டை நகர்ந்ததும் அது தொட்டுக்கொண்டிருந்த முனை விட்டுப்போகும். மின்சாரம் அறுந்ததும் காந்தம் செத்துவிடும். பட்டை பழைய இடத்துக்குத் திரும்பும், மறுபடி தொடும், மறுபடி இழுபடும். வெளியிலிருந்து வருவது மாறாத பேட்டரி மின்சாரம். அதை நறுக்குவதோ உள்ளே இருக்கும் பட்டை. தன்னை அசைக்கிற மின்சாரத்தைத் தன் அசைவாலேயே அறுத்துக்கொள்ளும் பொருள் இது.

பட்டையின் நுனியில் சுத்தியலும் பக்கத்தில் கிண்ணமும் வைத்தால் வாசல் மணி. இரண்டையும் கழற்றிவிட்டால் பட்டை வெறுமனே 'டர்ர்ர்' என்று துடிக்கும். அதுதான் முதல் பஸ்ஸர். மணியிலிருந்து மணியை எடுத்த பிறகு மிச்சம் நின்றது.

தொட்டுத் தொட்டு விலகும் முனையில் பொறி பறக்கும். சுருளில் ஓடிய மின்சாரம் சட்டென்று அறுபடும்போது அது சும்மா போகாது. இடைவெளியைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கும். முனை கரியும், தேயும். அதனால்தான் நல்ல பஸ்ஸர்களில் பிளாட்டினம் முனை வைத்தார்கள். கூடவே, அந்தப் பொறி ஒரு குட்டி வானொலி ஒலிபரப்பியாகவும் வேலை செய்தது. பக்கத்தில் ரேடியோ இருந்தால் கரகரவென்று கேட்கும்.

எரிச்சலூட்டும் இந்தக் குணத்தையே ஒரு தலைமுறை பொழுதுபோக்காளர்கள் உபயோகமாக்கிக்கொண்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீட்டில் செய்த ரேடியோவின் இதயம் கலீனா என்ற ஈயக் கனிமத்தின் ஒரு துண்டு. கலீனாவை அலை கண்டறியப் பயன்படுத்துவதற்கு 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் நம் ஜகதீஷ் சந்திர போஸ். பிற்காலக் கிறிஸ்டல் ரேடியோக்களில் கல்லின் மேல் மெல்லிய கம்பி ஒன்றைத் தொட வைத்து, எந்தப் புள்ளியில் நன்றாகக் கேட்கிறது என்று தேட வேண்டும். நிலையம் எப்போது ஒலிபரப்பும் என்று காத்துக்கொண்டிருக்காமல், மேசையிலேயே ஒரு பஸ்ஸரை ஓடவிட்டு, அதன் பொறிச் சத்தம் ஹெட்ஃபோனில் எந்தப் புள்ளியில் உரக்கக் கேட்கிறதோ அங்கே கம்பியை நிறுத்திவிடுவார்கள். பொழுதுபோக்கு மின்னணுவியலில் பஸ்ஸருக்குக் கிடைத்த முதல் உத்தியோகங்களில் இது ஒன்று. இன்னொன்று மோர்ஸ் பழகுவது.

அங்கிருந்து அது போர்முனைக்குப் போனது. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் படையின் பதுங்குகுழிகளில் தந்திச் செய்தி அனுப்பப் பஸ்ஸர் வகைக் கருவிகள் இருந்தன. ஒற்றைக் கம்பி, திரும்பி வரும் பாதையாகப் பூமி. கம்பியும் நேரமும் மிச்சம். ஆனால் கம்பியில் ஓடியது பஸ்ஸர் நறுக்கிய, துடிக்கிற மின்சாரம். அந்தத் துடிப்பு மண்ணுக்குள் பரவியது. எதிர்ப்பக்கத்து ஜெர்மானியர்கள் மண்ணில் முளைகளை அடித்து, வால்வு பெருக்கிகளை வைத்து, பிரிட்டிஷ்காரர்களின் செய்திகளைத் தங்கள் குழியில் உட்கார்ந்தபடியே கேட்டார்கள்.

1915இல் கேப்டன் ஃபுல்லர் என்ற பிரிட்டிஷ் அதிகாரி இதற்கு ஒரு பரிகாரம் கண்டார். அவர் பெயராலேயே ஃபுல்லர்ஃபோன் என்று அழைக்கப்பட்ட கருவியில் கம்பி வழியே போனது மிகச் சிறிய, துடிக்காத நேர்மின்சாரம் மட்டும். சாவியை அழுத்தினால் வரும், விட்டால் நிற்கும். துடிப்பில்லாததால் ஒட்டுக்கேட்கிறவருக்கு எதுவும் புலப்படாது. அப்படியானால் செய்தியைப் பெறுகிறவருக்கு மட்டும் எப்படிக் கேட்கும்? அவருடைய பெட்டிக்குள்ளேயே ஒரு பஸ்ஸர் ஓடிக்கொண்டிருக்கும்; கம்பியில் வந்து சேரும் நேர்மின்சாரத்தை அது அங்கேயே நறுக்கி, காதில் விழும் ஒலியாக்கும். பஸ்ஸரைத் தூக்கி எறியவில்லை, இடம் மாற்றினார், அவ்வளவுதான். நடுக்கம் பெட்டிக்குள், கம்பியில் வெறும் 'உண்டு', 'இல்லை'.

இன்றைய ஆக்டிவ் பஸ்ஸரின் இலக்கணம் அப்படியே இதுதான் என்பது என் எண்ணம். உயிர்களுக்காகச் செய்த அந்த ஏற்பாட்டை, இன்று நாம் இரண்டு வரி நிரல் மிச்சமாகட்டுமே என்று வாங்கிக்கொள்கிறோம். ஃபுல்லரின் கருவி நேரடி மூதாதை என்று சொல்ல வரவில்லை. ஒரே யோசனை வெவ்வேறு ஊர்களில் மறுபடி மறுபடி பிறப்பதுதான் இந்தப் பொருளின் வரலாற்றில் எனக்குப் பிடித்தது. 1963இல் வந்த ஆஸ்கி குறியீட்டில் ஏழாம் எண் எந்த எழுத்தையும் குறிக்காது. மணி அடி என்று மட்டும் சொல்லும். என்ன மணி, எவ்வளவு உரக்க, எந்தச் சுருதியில் என்பதெல்லாம் பெறுகிற இயந்திரத்தின் பாடு. டெலிடைப்பில் உலோக மணி அடித்தது, பின்னால் வந்த டெர்மினல்களில் பீப் ஆனது. குறியீடு ஏழு என்னவோ மாறவே இல்லை.

பஸ்ஸரின் உடம்பு மாறியது 1947க்குப் பிறகு. அந்த ஆண்டு டிசம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. பொறி பறக்கும் முனை செய்த வேலையை, தொடாமலே, தேயாமலே செய்யக்கூடிய ஒன்று கிடைத்தது. அது சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிதாகவும் பைசா விலைக்கு மலிவாகவும் சில பத்தாண்டுகள் ஆயின என்பது வேறு விஷயம்.

இதற்கிடையில் இன்னொரு கிளை. 1880இல் பாரிஸில் ழாக் கியூரி, பியர் கியூரி என்ற சகோதரர்கள், குவார்ட்ஸ், டூர்மலின் போன்ற படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றுவதைக் கண்டார்கள். மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் உருமாறும் என்று இயற்பியலாளர் லிப்மன் கணக்குப் போட்டுச் சொல்ல, அடுத்த ஆண்டே சகோதரர்கள் அதையும் சோதித்துக் காட்டினார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பேரியம் டைட்டனேட், 1950களில் ஈயம், சிர்கோனியம், டைட்டானியம் கலந்த பீங்கான் என்று வரிசையாக வந்தபோது, படிகத்தை அறுத்துச் செதுக்க வேண்டிய அவசியமே போயிற்று. மாவாகப் பிசைந்து தட்டையாக அழுத்திச் சுட்டெடுத்தால் போதும். பித்தளை வட்டத்தின் மேல் பீங்கான் வட்டம் ஒட்டி, இரண்டுக்கும் கம்பி வைத்தால், மின்சாரத்துக்குத் தக்கபடி தகடு குழிந்தும் புடைத்தும் காற்றைத் தள்ளும். எழுபதுகளில் ஜப்பானிய நிறுவனங்கள் இதைக் கோடிக்கணக்கில் செய்து கைக்கடிகாரத்துக்குள்ளும் கால்குலேட்டருக்குள்ளும் புகுத்தின. காஸியோ எஃப்-91டபிள்யூ கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: மூடியின் உட்புறத்தில் அந்த வட்டம் ஒட்டியிருக்கும். மூடியேதான் ஒலிபெருக்கி.

ஆக, கடையில் இன்று இரண்டு குலங்கள். பீங்கான் வகை மின்சாரம் குறைவாகத் தின்னும், வோல்ட் அதிகம் கேட்கும். பக்கத்தில் இரண்டு காதுகள் வைத்து, சிவப்புக் கறுப்புக் கம்பிகளோடு, 3 முதல் 24 வோல்ட் வரை என்று எழுதி விற்பார்கள். காந்த வகை குறைந்த வோல்ட்டில் ஓடும், மின்சாரம் கொஞ்சம் அதிகம் இழுக்கும். நாம் தொடக்கத்தில் பார்த்த கறுப்பு உருளை காந்தக் குலம்.

அதைத் திறந்து பார்ப்போம். நடுவில் ஓர் இரும்புக் கம்பம், அதைச் சுற்றிக் கூந்தலைவிட மெல்லிய செப்புக் கம்பிச் சுருள், வெளியே வளையமாக ஒரு நிலைக்காந்தம். இவற்றின் மேல், மயிரிழை இடைவெளியில், மெல்லிய இரும்புத் தகடு. அதன் நடுவில் கனத்துக்காக ஒரு பொட்டு. நிலைக்காந்தம் தகட்டை எப்போதும் கொஞ்சம் இழுத்துப் பிடித்திருக்கும். அடியில் ஒரு குட்டி சர்க்கியூட் பலகை, அதில் ஒரு டிரான்சிஸ்டர், ஓரிரு ரெசிஸ்டர். எல்லாம் எப்பாக்ஸி பிசினில் மூழ்கியிருக்கும். வழக்கமான அமைப்பில் சுருள் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று தகட்டை இழுக்க. மற்றது வேவு பார்க்க. மின்சாரம் வந்ததும் டிரான்சிஸ்டர் திறக்கும், முதல் சுருள் தகட்டை இழுக்கும், தகடு அசைந்து காந்தப்புலம் மாறும்போது இரண்டாம் சுருளில் ஒரு சிறு மின்னழுத்தம் எழுந்து டிரான்சிஸ்டரை அடைக்கும், தகடு மீளும், மீண்டதும் டிரான்சிஸ்டர் மறுபடி திறக்கும். ஊஞ்சலில் குழந்தை பின்னால் வந்து நிற்கும் அந்தக் கணத்தில் மட்டும் முதுகைத் தொட்டுத் தள்ளுகிறோமே, அதுபோல் தகட்டின் இயல்பான ஆட்டத்துக்கு ஒத்தபடி மட்டுமே தள்ளு விழுகிறது. தகட்டின் கனமும் விறைப்பும்தான் சுருதியைத் தீர்மானிக்கின்றன. பிராங்க்ஃபர்ட் பட்டையின் அதே தந்திரம், பொறி மட்டும் இல்லை.

தகட்டுக்கு மேலே இருக்கும் காலி இடமும் உச்சித் துளையும் அலங்காரம் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆராய்ந்த ஒத்ததிர்வுக் குடுவைதான் அது. துளையின் அளவும் அறையின் கொள்ளளவும் தகட்டின் சுருதிக்குப் பொருந்தும்படி செய்யப்பட்டவை. மூடியைக் கழற்றிவிட்டால் சத்தம் பரிதாபமாகக் குறைந்துபோகும். முப்பது மில்லிஆம்பியருக்கு மேல் தின்னாமல், பத்து சென்டிமீட்டர் தொலைவில் 85 டெசிபெல் எழுப்புவதன் ரகசியம் பாதி அந்தக் காலி இடத்தில் இருக்கிறது. இரண்டாயிரத்துச் சொச்சம் ஹெர்ட்ஸ் என்ற தேர்வும் அப்படித்தான்: மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில். குறைந்த செலவில் அதிகத் தொந்தரவு.

பெரும்பாலான உருளைகள் சீனாவில் பிறக்கின்றன. பிறந்ததும் தலையில் ஒரு வட்ட ஒட்டுத்தாள் விழுகிறது. கழுவி முடித்த பின் இதை நீக்கவும் என்று அதில் ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும். தொழிற்சாலையில் சர்க்கியூட் பலகையை உருகிய ஈய அலையின் மேல் ஓட்டிப் பற்றவைத்த பிறகு, ஒட்டிய ஃபிளக்ஸ் பிசுக்கைக் கழுவுவார்கள். அந்த நீர் துளை வழியே உள்ளே போனால் தகடு துருப்பிடிக்கும். அதற்கான காப்பு அந்தத் தாள். ரிச்சி தெருவில் உதிரியாக வாங்கி பிரெட்போர்டில் குத்துகிற நம்மில் யாரும் பஸ்ஸரைக் கழுவப்போவதில்லை. ஆனாலும் பலர் தாளைக் கிழிப்பதில்லை. நள்ளிரவில் சோதித்துப் பார்க்கிறவர்களுக்கு அதுதான் சத்தக் கட்டுப்பாடு. ஆக்டிவ் பஸ்ஸருக்கு வால்யூம் திருகி கிடையாது. தாளை ஒட்டலாம், தொடராக ஒரு ரெசிஸ்டர் போடலாம், வோல்ட்டைக் குறைக்கலாம். அதற்கு மேல் பேரம் பேச முடியாது.

நம் ஊர்ப் பொழுதுபோக்காளர்களிடம் இது வந்து சேர்வதற்கு முன் ஒலிக்கு வேறு வழிகள் இருந்தன. எண்பது தொண்ணூறுகளில் 'எலக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ' இதழைப் பார்த்து சர்க்கியூட் கட்டியவர்களுக்கு 555 டைமர் சிப் பழக்கம். சிக்னெட்டிக்ஸ் நிறுவனத்துக்காக ஹான்ஸ் காமன்சிண்ட் வடிவமைத்து, 1972இல் சந்தைக்கு வந்த சிப் அது. இரண்டு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர், ஒரு சின்ன ஸ்பீக்கர் சேர்த்தால் ஊளையிடும். ரெசிஸ்டரை மாற்றினால் சுருதி மாறும். பிறகு யூஎம்66 வந்தது: டிரான்சிஸ்டர் போலவே மூன்று கால், உள்ளே ஒரு முழுப் பாட்டு. எத்தனையோ வாசல் மணிகளும் வாழ்த்து அட்டைகளும் அதைப் பாடின. அழைப்பு மணிக்கு அது பொருத்தம். எரிவாயு கசிகிறது என்று எச்சரிக்க ஒரு பிறந்தநாள் பாட்டு உதவாது.

2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரத்தில் ஆர்டுவினோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டு தொடங்கிய பிறகு எல்லாம் மாறியது. ஒலிக்கான கணக்கு சிப்பிலிருந்து நிரலுக்குப் போனது. இந்த இடத்தில்தான் ஆக்டிவ், பாசிவ் குழப்பமும் ஆரம்பம். பாசிவ் பஸ்ஸருக்குள் சுருளும் தகடும் உண்டு, டிரான்சிஸ்டர் இல்லை. அதைப் பாடவைக்க ஆர்டுவினோவின் டோன் என்ற கட்டளை வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை காலை ஏற்றி இறக்க வேண்டும். அதற்கு ஒரு உள் டைமரைப் பிடித்துக்கொள்ளும்; ஊனோ போர்டில் 3, 11 எண் கால்களின் பல்ஸ் அகல வேலை அந்நேரம் கெடும். மோட்டார் ஏன் திடீரென்று தடுமாறுகிறது என்று மண்டையைப் பிய்த்துக்கொள்கிறவர்களுக்கு இது பயன்படும். ஆக்டிவ் வகைக்கு அந்தத் தொல்லை இல்லை. காலை ஏற்று, கத்தும். இறக்கு, அடங்கும். பதிலுக்கு ஒரே சுருதிதான். பாட்டு வேண்டுமென்றால் பாசிவ், எச்சரிக்கை மட்டும் போதுமென்றால் ஆக்டிவ் என்பதே என் கட்சி. ஆக்டிவ் பஸ்ஸரை டோன் கட்டளையால் பாடவைக்கப் பார்ப்பவர்களும் உண்டு. இரண்டு துடிப்புகள் ஒன்றோடொன்று மோதி, தொண்டை கட்டியதுபோல ஒன்று வெளியே வரும்.

வெளியில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கவிழ்த்துப் பார்த்தால் பாசிவ் வகையில் பச்சைப் பலகை தெரியும், ஆக்டிவ் வகையில் கறுப்புப் பிசின் மூடியிருக்கும் என்று சொல்வார்கள். பெரும்பாலும் சரி, எப்போதும் அல்ல. மல்டிமீட்டரில் ஓம் பார்த்தால் பாசிவ் வகை பதினாறு, நாற்பத்திரண்டு என்று சிறிய எண்ணைக் காட்டும். ஆக்டிவ் வகை நூற்றுக்கணக்கில் போகும். பேட்டரியைத் தொட்டுப் பார்ப்பதே நிச்சயம். விடாமல் கத்தினால் ஆக்டிவ். 'டிக்' என்று ஒருமுறை சொல்லிவிட்டு மௌனமானால் பாசிவ்.

அடுத்தது மின்சாரக் கணக்கு. ஊனோவின் ஏடிமெகா 328பி சிப்பில் ஒரு கால் 20 மில்லிஆம்பியர் கொடுத்தால் சௌக்கியம், 40 அதன் கடைசி எல்லை. பஸ்ஸர் கேட்பது 30 வரை. நேராக மாட்டினாலும் ஓடும். பள்ளிக் கண்காட்சி முடியும்வரை ஓடத்தான் செய்யும். ஆனால் ஆண்டுக்கணக்கில் வீட்டில் தொங்கப்போகும் பெட்டிக்கு அது அழகல்ல. ராஸ்பெரி பை பைக்கோ போன்ற 3.3 வோல்ட் போர்டுகளின் கால்கள் இன்னும் பலவீனம். ஒரு பிசி547 டிரான்சிஸ்டர், அதன் பேஸுக்கு ஒரு கிலோஓம் ரெசிஸ்டர், பஸ்ஸருக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு டயோடு: சில ரூபாய்ச் செலவு. டயோடு எதற்கு என்றால், உள்ளே இருப்பது சுருள். மின்சாரத்தை அறுத்தால் பழைய பொறியின் வாரிசு இன்னும் எட்டி உதைக்கும்.

இதெல்லாம் பற்றவைக்க அலுப்பாக இருக்கிறவர்கள் மூன்று கால் மாட்யூல் வாங்குகிறார்கள். அதில் ஒரு விசித்திரம் உண்டு. பல மாட்யூல்களில் இருப்பது எஸ்8550 என்ற பிஎன்பி டிரான்சிஸ்டர். கால் தாழ்ந்தால் கத்தும், உயர்ந்தால் அடங்கும். எல்லாம் தலைகீழ். இதை 5 வோல்ட்டில் மாட்டி, 3.3 வோல்ட் ஈஎஸ்பி8266 போர்டால் அடக்கப் பார்த்தால் அடங்காது. போர்டு தன்னால் முடிந்த உயரத்துக்கு ஏற்றினாலும் 1.7 வோல்ட் வித்தியாசம் மிச்சம். டிரான்சிஸ்டர் திறக்க 0.7 போதும். நிரலில் பிழை தேடிக் களைத்துப்போகிறவர்கள் பலர். மாட்யூலுக்கும் 3.3 வோல்ட்டே கொடுத்துவிட்டால் சத்தம் கொஞ்சம் குறையும், சொன்ன பேச்சைக் கேட்கும்.

நம் வீடுகளில் பஸ்ஸர் உண்மையிலேயே உழைக்கிற இடம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து, தெருவில் தண்ணீர் ஓடுகிறதென்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொல்வது எந்தத் தெருவிலும் நடப்பது. இதற்கு மைக்ரோகன்ட்ரோலரே வேண்டாம். தொட்டியின் மேல் விளிம்பில் இரண்டு கம்பிகள், ஒரு டிரான்சிஸ்டர், ஒரு ரெசிஸ்டர், ஒரு பீங்கான் வகை ஆக்டிவ் பஸ்ஸர், ஒரு 9 வோல்ட் பேட்டரி. தண்ணீர் இரண்டு கம்பியையும் தொட்டதும் அதன் வழியே கசியும் துளி மின்சாரம் டிரான்சிஸ்டரைத் திறக்கும். செப்புக் கம்பியாக இருந்தால் சில மாதங்களில் பச்சை பூத்து அரித்துவிடும். ஒரே திசையில் மின்சாரம் ஓடினால் தண்ணீருக்குள் அப்படித்தான் ஆகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி தாக்குப்பிடிக்கும். காசு கொடுத்து வாங்குகிற பல பெட்டிகளைவிட இது உருப்படியானது என்பேன். என்ன செய்ய வேண்டும் என்று அது பேசிக்கொண்டிருக்காது. கத்தினால் எல்லோருக்கும் புரியும்.

எவ்வளவு புத்திசாலியான புராஜெக்டையும் பஸ்ஸர் கெடுக்கவும் கூடும். கல்லூரிக் கண்காட்சிகளில் ஆண்டுதோறும் பார்வையற்றோருக்கான ஊன்றுகோல் ஒன்று வரும். 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி எதிரொலி வாங்கும் சென்சார், தடை நெருங்க நெருங்க வேகமாகும் பீப். நல்லெண்ணத்தில் குறையில்லை. ஆனால் வெண்கோலோடு நடக்கிறவருக்குக் காதுதான் கண். கோல் தரையைத் தட்டும் சத்தம், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, இடப்பக்கம் வரும் ஆட்டோ எல்லாம் காது வழியே வருகின்றன. அந்தக் காதுக்குப் பக்கத்தில் 85 டெசிபெல்லை வைப்பது அவர் பார்வையை மறைப்பதற்குச் சமம். கைப்பிடியில் அதிர்வு மோட்டார் வைத்திருந்தால் போதும். பயன்படுத்தப்போகிறவர் ஒருவரிடம் கொடுத்துப் பார்த்திருந்தால் அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும்.

ஒற்றைச் சுருதிக்கு இன்னொரு குறை: எங்கிருந்து வருகிறது என்று பிடிபடாது. தாழ்ந்த ஒலியென்றால் இரண்டு காதுக்கும் வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்து மூளை திசை அறியும். மிக உயர்ந்த ஒலியென்றால் தலை மறைப்பதால் வரும் சத்த வித்தியாசம் உதவும். 2 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் இரண்டும் அரைகுறை. ஏதோ ஒரு பெட்டி பீப் அடிக்க, வீடு முழுக்க எல்லோரும் தலையைத் திருப்பித் திருப்பித் தேடுவது இதனால்தான். வயதானால் முதலில் மங்குவதும் உயர்ந்த சுருதிகள்தான். தூங்குகிறவர்களை எழுப்ப 3 கிலோஹெர்ட்ஸ் பீப்பைவிட 520 ஹெர்ட்ஸ் சதுர அலை மேல் என்று ஆய்வில் கண்டு, அமெரிக்கத் தீ எச்சரிக்கை விதிகள் 2014 முதல் படுக்கையறைகளுக்கு அதையே கேட்கின்றன. நம் கறுப்பு உருளையால் 520 ஹெர்ட்ஸுக்கு இறங்க முடியாது. தாத்தாவுக்கு மாத்திரை நேரம் சொல்லும் பெட்டி செய்கிறவர்கள் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும்.

சுருதியில் முடியாததைத் தாளத்தில் செய்யலாம். தீ எச்சரிக்கைக்கு உலகத் தரம் ஒன்று உண்டு: அரை வினாடி ஒலி மூன்று முறை, நடுநடுவே அரை வினாடி மௌனம், மூன்றாவதற்குப் பிறகு ஒன்றரை வினாடி இடைவெளி. ஆக்டிவ் பஸ்ஸருக்கு இது கைவந்த கலை. நிரலில் டிலே கட்டளை போட்டுத் தாளம் கட்டுவதுதான் தவறு. பீப் அடிக்கும் நேரமெல்லாம் போர்டு கண்ணை மூடிக்கொண்டிருக்கும், சென்சாரைப் பார்க்காது. மில்லிஸ் கட்டளையால் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஏற்றி இறக்க வேண்டும். ஒரு அமைதிப்படுத்தும் பொத்தானும் அவசியம். அது இல்லாத எச்சரிக்கைப் பெட்டியின் கம்பியை இரண்டாம் நாளே யாராவது பிடுங்கிவிடுவார்கள். மருத்துவமனைகளிலேயே இதுதான் கதை: ஓயாத அலாரங்களால் செவிலியர் காது மரத்துப்போவது நோயாளிகளின் உயிருக்கே ஆபத்து என்று 2013இல் அமெரிக்காவின் மருத்துவமனை அங்கீகார அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. அங்கே இருப்பது நம் பத்து ரூபாய் உருளை அல்ல. வியாதி ஒன்றுதான்.

இத்தனைக்கும் பிறகு பஸ்ஸர் லேசில் சாவதில்லை. யூபிஎஸ்ஸில் பேட்டரி செத்துப்போகும், மைக்ரோவேவில் பலகை கருகும், பழைய கணினியின் மதர்போர்டு காயலாங்கடைக்குப் போகும். அந்தப் பலகைகளிலெல்லாம் ஒரு பஸ்ஸர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சால்டரிங் அயர்னால் இரண்டு காலையும் மாறி மாறிச் சூடாக்கினால் கழன்று வந்துவிடும். அதிக நேரம் சூடு காட்டினால் பிளாஸ்டிக் இளகிக் கால் ஆடும், கவனம். கழற்றியதை பேட்டரியில் தொட்டுப் பாருங்கள். மதர்போர்டிலிருந்து வந்தது அநேகமாக 'டிக்' என்றுதான் சொல்லும். அதற்குத் துடிப்பைக் கொடுத்துக்கொண்டிருந்த டைமர் பலகையோடு போய்விட்டது. தூக்கிப்போட வேண்டாம். டப்பாவின் அடியில் ஒரு 555 கிடக்கும். இரண்டு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டரோடு அதை முன்னால் வைத்து, 2 கிலோஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் திருகிக்கொண்டே போனால், தகட்டின் சொந்தச் சுருதி அகப்படும் இடத்தில் சத்தம் சட்டென்று எகிறும். அங்கே நிறுத்திப் பற்றவைத்துக்கொள்ளலாம்.